சென்சார் சிப்புக்கு டிரைவர் எழுதினால் டாக்குமென்டும் எழுதியே ஆக வேண்டுமா? புரோகிராம் கோடைப் படித்தால் புரியாதா?

கேள்வியில் இருக்கும் விவரம் கொஞ்சம்தான். வெப்பநிலை அளக்கும் ஒரு சிப்புக்கு லினக்ஸில் ஹெச்டபிள்யூமான் (வெப்பநிலை, வோல்டேஜ் போன்றவற்றைக் கண்காணிக்கும் பகுதி) டிரைவர், அதாவது சிப்போடு பேசும் நிரல், எழுதி முடித்துவிட்டீர்கள், ரிவ்யூவில் "டாக்குமென்ட் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள், உங்களுக்குக் கடுப்பு.

கடுப்பு புரிகிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். டிரைவர் முன்னூறு வரிக்குள் இருக்கும். ஐ2சி பஸ்ஸில் (சிப்புகளை இணைக்கும் இரண்டு கம்பித் தடம்) ஒரு ரெஜிஸ்டரை (சிப்புக்குள் எண் இருக்கும் இடம்) படி, ஏழு பிட் வலது பக்கம் தள்ளு, ஐந்நூறால் பெருக்கு, மில்லி டிகிரி வந்துவிட்டது. இதில் விளக்க என்ன இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். அதனால்தான் இந்தப் பதில். ஆமாம், எழுதியே ஆக வேண்டும்.

"இவர் என்ன பெரிய கர்னல் ஆளா?" என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பொதுப் பதிப்பில், அதாவது மெயின்லைனில், என் பெயரில் போனது ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம் மட்டும்தான். ஆனால் கம்பெனிக்குள் ஓடும் டிரைவர்கள் நிறைய எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றின் கதைதான் இது.

ஆறேழு வருடம் முன்பு. நான் அப்போது இருந்த கம்பெனி (பெயர் வேண்டாம்) அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்டர்நெட் இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டுவார்கள். உள்ளே இரண்டு சின்ன 40 மில்லிமீட்டர் ஃபேன், ஒரு வெப்பநிலை சிப். சிப் நம் எல்எம்75 என்ற பழைய வெப்பநிலை சிப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அலாரம் நிலையைக் காட்ட அதில் ஒரு ரெஜிஸ்டர் கூடுதலாக இருந்ததால் தனி டிரைவர் எழுதினேன். சூடு எல்லையைத் தாண்டினால் சிப்பின் ஒரு கால் உயரும், அது உயர்ந்தால் ஃபேன் இரண்டும் முழு வேகத்தில் சுற்றும்.

டாக்குமென்ட் கேட்டார்கள். பதினைந்து நிமிடத்தில் எழுதினேன். டெம்ப்1 இன்புட்: வெப்பநிலை. டெம்ப்1 மேக்ஸ்: மேல் எல்லை. டெம்ப்1 மேக்ஸ் ஹிஸ்ட்: ஹிஸ்டரிசிஸ் மதிப்பு, மில்லி டிகிரி செல்சியஸில். முடிந்தது, மெர்ஜ் ஆனது, டீ குடிக்கப் போனேன். (இவை டிரைவர் தன் மதிப்புகளைக் காட்டும் கோப்புகளின் பெயர்கள். தமிழில் எழுதுகிறேன், நடுவில் அடிக்கோடுகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

அடுத்த மே மாதம் வில்லிவாக்கத்திலிருந்து புகார். பெட்டி இரவும் பகலும் அலறுகிறதாம். தரைத்தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார், அவருடைய படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பெட்டி. "யாரோ மிக்ஸிய ஆஃப் பண்ணாம ஊருக்குப் போயிட்ட மாதிரி இருக்கு தம்பி" என்று ஃபீல்ட் எஞ்சினியரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் ஃபேனை மாற்றினான், தூசி ஊதினான், கடைசியில் பெட்டியையே மாற்றினான். அடங்கவில்லை. ஒரே ஒரு விசித்திரம்: கரன்ட் போய் வந்தால் பெட்டி சாதுவாகிவிடும். மறுநாள் மதியம் இரண்டு மணி வாக்கில் மறுபடி அலறல். மின்வெட்டினால் குணமாகும் நோயை நான் அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன்.

நானே போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பாகப் படித்தேன். இன்புட் 47500, அதாவது நாற்பத்தேழரை டிகிரி. மேக்ஸ் 65000. சரி. அலாரம் 1, அதாவது அடித்துக்கொண்டிருக்கிறது. நாற்பத்தேழரையில் எதற்கு அலாரம்? அப்புறம் ஹிஸ்ட் கோப்பைப் பார்த்தேன். 5000.

அங்கேயே பையனுக்குப் போன் போட்டேன். "சார், அஞ்சு டிகிரி கேப் வேணும்னு சொன்னாங்க சார். டாக்குமென்ட்ல மில்லி டிகிரின்னு இருந்துச்சு, அதான் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்ல அஞ்சாயிரம் போட்டேன்."

அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஹிஸ்டரிசிஸ் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்: 65-இல் அடிக்கும் அலாரம் ஐந்து டிகிரி இறங்கி 60-இல் அடங்க வேண்டும், அந்த ஐந்துதான் ஹிஸ்டரிசிஸ். ஆனால் ஹெச்டபிள்யூமானில் அந்தக் கோப்பு வித்தியாசத்தைக் கேட்பதில்லை, அலாரம் அடங்க வேண்டிய வெப்பநிலையையே கேட்கிறது. இந்தக் கோப்புகளுக்கான கர்னலின் பொது விதிகள் இருக்கும் சிஸ்எஃப்எஸ் இன்டர்ஃபேஸ் டாக்குமென்டில் "வித்தியாசம் அல்ல" என்பதில் "அல்ல"வை மட்டும் கேபிடல் எழுத்தில் போட்டிருப்பார்கள். எல்எம்75-ஐ மின்சாரம் கொடுத்து எழுப்பினால் எல்லை 80, ஹிஸ்டரிசிஸ் 75 என்று இரண்டு வெப்பநிலைகளோடுதான் எழும். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் எழுதவில்லை.

ஆக, மே மாத வெயிலில் மூடிய பெட்டி மதியம் ஒருமுறை 65-ஐத் தொடும். அதற்கப்புறம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை ஃபேன் நிற்காது. சென்னையில் 5 டிகிரி எப்போது வரும்? மார்கழியில் விடிகாலை கோலம் போடும் நேரத்தில்கூட வராது. ஆபீஸ் லேபில் ஏசி போட்டுச் சோதித்தோம், 65-ஐ ஒரு நாளும் தொடவில்லை, அதனால் அங்கே தெரியவில்லை. அதே ஸ்கிரிப்ட் 43 பெட்டிகளில் போயிருந்தது.

மறுநாள் மீட்டிங்கில் பழி அந்தப் பையன்மேல் விழப்பார்த்தது. நான் உடனே வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் கழித்துத்தான் மேனேஜரிடம் தனியாகப் போய், என் டாக்குமென்ட் அரைகுறை என்று சொன்னேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மேலே நான் எழுதியிருந்த அந்த ஹிஸ்டரிசிஸ் வரியை மறுபடி பாருங்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்கும் உபயோகமும் இல்லை.

"கோடே டாக்குமென்ட்" என்பவர்களுக்கும், "ஏஐயிடம் கொடுத்தால் எழுதித் தரும்" என்பவர்களுக்கும் சேர்த்தே ஒன்று சொல்கிறேன். கோடு என்ன செய்கிறது என்பதைக் கோடில் படிக்கலாம், மறுக்கவில்லை. அந்த எண் வெளியே எதைக் குறிக்கிறது என்பது கோடில் இருக்காது. வோல்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் 12 வோல்ட் லைன் பெரும்பாலும் சிப்புக்கு நேராகப் போகாது. இரண்டு ரெசிஸ்டர் வைத்துக் குறைத்துத்தான் அனுப்புவார்கள். காலில் வரும் வோல்டேஜ்தான் டிரைவருக்குத் தெரியும், போர்டில் எந்த ரெசிஸ்டர் என்பது தெரியாது. அந்தப் பெருக்கல் கணக்கை, டிரைவரைப் பயன்படுத்துபவர்தான் சென்சார்ஸ் என்ற கருவியின் கான்ஃபிக் கோப்பில் கம்ப்யூட் வரியாக எழுத வேண்டும். இதை நீங்கள் சொல்லாவிட்டால் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட் என்று பார்த்து நல்ல பவர் சப்ளையைத் தூக்கிப் போடுவார்.

நல்ல உதாரணம் வேண்டுமானால் ஏஎம்டி செயலிகளுக்கான கே10டெம்ப் டிரைவரின் டாக்குமென்டைப் படியுங்கள். டெம்ப்1-இல் வரும் எண் சிப்பின் உண்மையான வெப்பநிலை இல்லை, முழுக் குளிரூட்டல் தேவைப்படும் புள்ளியை வைத்துக் கணக்கிட்ட ஓர் அளவு என்று ஒளிக்காமல் எழுதியிருக்கும். 2017-இல் ரைசன் 1700எக்ஸும் 1800எக்ஸும் வந்தபோது அந்த எண் நிஜத்தைவிட 20 டிகிரி கூடுதலாகவே வரும்படி வைத்திருந்தார்கள். அதை உண்மை வெப்பநிலை என்று எடுத்துக்கொள்பவர், ஒன்றும் ஓடாதபோதே இவ்வளவு சூடா என்று பதறத்தான் செய்வார்.

அப்புறம், டாக்குமென்டின் தலைப்புப் பகுதியில் "ஸ்கேன் செய்யும் முகவரிகள்" என்று ஒரு வரி வரும், சிப் இருக்கிறதா என்று டிரைவர் பஸ்ஸில் தேடிப்பார்க்கும் இடங்கள் அவை. எல்எம்75-க்கு ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) 48 முதல் 4எஃப் வரை எட்டு முகவரிகள். சும்மா ஃபார்மாலிட்டி என்று நினைக்காதீர்கள். பழைய ஐபிஎம் திங்க்பேட் சிலவற்றில் 24ஆர்எஃப்08 என்று ஒரு ஈப்ராம் (நினைவகச் சிப்) இருந்தது. சென்சார் இருக்கிறதா என்று பஸ்ஸைத் தட்டிப் பார்த்ததிலேயே அதன் உள்ளடக்கம் கெட்டு, லேப்டாப் பூட் ஆகாமல் போனது. கர்னலின் ஐ2சி கோடில் அதற்கென்றே ஒரு சின்ன கமென்டையும் தடுப்பையும் வைத்தார்கள். உங்கள் டிரைவர் எதையும் தட்டிப் பார்க்காதா? அப்படியானால் "இல்லை" என்றே எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

சொல்ல வந்ததற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு வில்லிவாக்கம் போய்வர ஆட்டோவுக்கு 520 ரூபாய். அக்கவுன்ட்ஸில் கிளெய்ம் போட்டால் பில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோக்காரரிடம் யாராவது பில் கேட்பார்களா? கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். மூன்று முறை மெயில் போட்டேன். "சப்போர்ட்டிங் டாக்குமென்ட் இல்லை" என்று மூன்று முறையும் அதே பதில். 43 பெட்டிகளை ஒரே மதியத்தில் சரிசெய்தவனிடம் 520 ரூபாய்க்கு டாக்குமென்ட் கேட்டார்கள். வேலையை விட்டு வரும்வரை அந்தப் பணம் வரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஹிஸ்டரிசிஸ் வரியை எழுதுங்கள். கடைசியில் நான் என் கோப்பில் மாற்றி எழுதியது இப்படி: "அலாரம் அடங்க வேண்டிய வெப்பநிலை, எல்லையிலிருந்து எவ்வளவு குறைவு என்பதல்ல. 65-இல் அடித்து 60-இல் அடங்க வேண்டுமானால் 60000 எழுதவும்." எண்ணோடு ஓர் உதாரணம் கொடுத்தால் போதும், யாரும் தப்பாகப் படிக்க முடியாது. அலகுகளையும் ஒவ்வொரு இடத்திலும் போடுங்கள்: வெப்பநிலை மில்லி டிகிரியில், வோல்டேஜ் மில்லி வோல்ட்டில், ஆனால் பவர் மைக்ரோ வாட்டில். அந்தக் கடைசி ஒன்றில் எல்லோரும் சறுக்குவார்கள்.

எழுதி முடித்ததும் அதே ஃபோல்டரில் இருக்கும் இன்டெக்ஸ் கோப்பில் உங்கள் கோப்பின் பெயரை அகர வரிசையில் சேர்த்துவிடுங்கள். 2019-இல் ஹெச்டபிள்யூமான் டாக்குமென்ட்களை ஆர்எஸ்டி என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றியதிலிருந்து, அங்கே பெயர் இல்லாவிட்டால் பில்ட் செய்யும்போது வார்னிங் வரும். ரிவ்யூவில் இரண்டாவது சுற்று திரும்பி வருவது பெரும்பாலும் இதற்காகத்தான். எனக்கு இரண்டு முறை வந்தது.