அமெரிக்கப் பள்ளியில் அரசியல் வகுப்புக்கு மாதிரி மசோதா எழுதுவது எப்படி?

மகளின் வகுப்பில் மாதிரி காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்தைப் போல மாணவர்கள் நடித்துப் பார்ப்பது) நடத்துகிறார்கள், மசோதாவை எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த விஷயத்தில் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டா என்று பாருங்கள். பள்ளிகளில் செல்போனுக்குத் தடை என்று பல மாணவர்கள் ஆசையாக எழுதுவார்கள். ஆனால் பள்ளிக்கல்வி பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது.

இதற்கும் வழி உண்டு. மது வாங்கும் வயதை நாடு முழுக்க 21 ஆக்க விரும்பிய காங்கிரஸ், உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியைப் பிடித்துவைப்போம் என்று 1984-ல் சட்டம் போட்டது. 1987-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. உங்கள் மகளும் அப்படியே எழுதலாம்: வகுப்பு நேரத்தில் செல்போனைத் தடுக்கும் மாநிலங்களுக்கு மட்டும் இந்தப் புதிய நிதி.

வடிவம் எளிது. காங்கிரஸின் இரு அவைகளான செனட்டும் பிரதிநிதிகள் சபையும் இதை இயற்றுகின்றன என்ற வரி, குறுந்தலைப்பு, அப்புறம் வரையறைகள், விதிகள், நிதி, அமலாகும் தேதி. எதிரணி பிடிப்பது வரையறையில்தான். ஸ்மார்ட்வாட்ச் இதில் சேருமா? ரத்தச் சர்க்கரையை போனில் கண்காணிக்கும் மாணவிக்கு விலக்கு உண்டா? இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவிடச் சொல்லுங்கள்.

புதிய வரி போடும் மசோதா என்றால் பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும். மகளுக்கு செனட்டர் வேடம் என்றால் அதைத் தவிர்ப்பது நல்லது.