கர்த்தர் தருவார், கணக்கை யார் எழுதுவது?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஓய்வுபெற்ற அரசு செவிலியர். எங்கள் ஜெபக்குழுவிலிருந்து ஒரு டாக்டர், சில செவிலியர்கள், இளைஞர்கள் என்று மலாவி நாட்டுக்கு இரண்டு வார மருத்துவ ஊழியத்துக்குப் புறப்படுகிறோம். விமான டிக்கெட்டுக்கே பாதிப் பணம்தான் சேர்ந்திருக்கிறது. மருந்துப் பட்டியல் போடவேண்டும், நாலு பேரிடம் உதவி கேட்கவேண்டும் என்றேன். "யேகோவாயீரே! தேவன் பார்த்துக்கொள்வார். கேட்பதும் எண்ணுவதும் அவிசுவாசம்" என்கிறார் குழுத்தலைவர். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் தாமாகவே ஐயாயிரம் ரூபாய் தர வந்தார். அதை வாங்கலாமா என்பதிலும் சர்ச்சை. எனக்குத்தான் விசுவாசம் குறைவா? தரங்கம்பாடி மிஷன் பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.,
பொறையார்

அன்புள்ள சகோதரி,

ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவன் என்று எங்கள் போதகர் எனக்குச் சாட்சி சொல்லமாட்டார். உங்கள் விசுவாசத்தை அளக்க என்னிடம் மரக்கால் கிடையாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்குவுக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் ஜெர்மனியின் ஹாலே நகரம்தான் பின்பலம். அங்கே பிராங்கே என்ற போதகர் 1695-இல் தம் வீட்டு உண்டியலில் யாரோ போட்டிருந்த நான்கு தாலர், பதினாறு குரோஷன் காசை எடுத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிரசங்கத்தில் சொல்லத் தகுந்த கதைதான். ஆனால் பிரசங்கிகள் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. பிராங்கேயின் அநாதை விடுதியோடு ஒரு மருந்தகமும் எழுந்தது. அங்கே தயாரித்த மருந்துகளை நாடுநாடாக விற்றார்கள். அந்த லாபத்தில் விடுதிப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். தரங்கம்பாடிக்கும் அங்கிருந்து மருந்து வந்தது. பேரேடு எழுதாமல் எந்த மருந்தகமும் நடந்ததில்லை.

மிஷனுக்கென்று வந்த முதல் டாக்டர் ஷ்லேகல்மில்ஷ் 1730-இல் தரங்கம்பாடி வந்தார், அதே ஆண்டில் இறந்துபோனார். அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா இருந்தது? 1732-இல் இன்னொரு டாக்டரை அனுப்பினார்கள். நீங்களும் மலேரியா தடுப்பு மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்கிவிடுங்கள். தலைவருக்கும் கொடுங்கள்.

தஞ்சாவூரில் ஊழியம் செய்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கதையை உங்கள் குழுவில் அவசியம் சொல்லவேண்டும். ஹைதர் அலியின் படையெடுப்புக் காலம். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஏற்றிவர மாடுகள் இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள், ஏனென்றால் முன்பு வந்தவர்களுக்குக் கூலி கிடைத்ததில்லை. அரசர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார்: என் கையாலேயே பணம் தருவேன், எதிரி மாட்டைப் பிடித்துக்கொண்டால் அதற்கும் விலை தருவேன் என்று. ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. உபதேசிமார் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிப்போய்க் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தது 80,000 கலம். ஒரு கலம் நெல் எவ்வளவு என்று டெல்டாவில் பிறந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைத் தேவன் செய்த அற்புதம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் கூலி கொடுக்காமல் ஏமாற்றிய ஒருவர் கடிதம் போட்டிருந்தால் ஒரு மாடும் வந்திருக்காது.

டிக்கெட் விஷயத்தில் உங்கள் தலைவர் வழியே போகலாம். பணம் சேராவிட்டால் நீங்கள் பொறையாரிலேயே இருப்பீர்கள், நட்டம் உங்களோடு போகும். மருந்து அப்படியில்லை. அது இன்னொருவர் உடம்பு. முகாமில் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்து இரண்டு வார மாத்திரை கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டால், மூன்றாவது வாரம் அந்த அம்மாள் யாரிடம் போவார்? உங்கள் விசுவாசத்துக்காக அவர் மருந்தில்லாமல் கிடக்கக்கூடாது.

மலாவியில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபைகளின் மருத்துவமனைகளை இணைத்த 'சாம்' என்ற கிறிஸ்தவ சுகாதாரக் கூட்டமைப்பு இருக்கிறது. முகாம் நடக்கும் பகுதியில் அவர்களுடைய மருத்துவமனை எது என்று கேட்டு, அவர்களுக்கு என்ன தேவை என்று முதலில் எழுதிக் கேளுங்கள். தொடர்சிகிச்சையை அவர்கள் ஏற்றுக்கொள்ளும் நோய்களை மட்டும் தொடுங்கள். டாக்டருக்கும் செவிலியருக்கும் அந்நாட்டு மருத்துவ, செவிலியர் கவுன்சில்களின் அனுமதி வேண்டும். வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரைகளையும் மருத்துவப் பிரதிநிதி கொடுத்த சாம்பிள்களையும் மூட்டை கட்டாதீர்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது, காலாவதியாகக் குறைந்தது ஓர் ஆண்டாவது இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். காய்ச்சல் என்று வருகிறவருக்கு முதலில் மலேரியா பரிசோதனை, பிறகுதான் மாத்திரை. நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது கை தானாகவே ஆன்டிபயாடிக் அட்டையை நோக்கிப் போகும், உங்களுக்குத் தெரியாததா.

எண்ணுவது அவிசுவாசம் என்று தலைவர் மறுபடியும் சொன்னால் லூக்கா 22-ஐத் திறந்து காட்டுங்கள். பணப்பை இல்லாமல் சீடர்களை அனுப்பியவரே, இப்போது பை உடையவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று அங்கே சொல்கிறார். பவுலும் எருசலேம் காணிக்கையைக் கொண்டுபோகையில், பணத்தைப் பற்றி ஒருவரும் குறை சொல்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரை உடன் சேர்த்துக்கொண்டார்.

பாயின் பணம்? பஞ்சத்தில் எலியாவுக்கு அடை சுட்டுத் தந்தவள் சாறிபாத் ஊர் விதவை. அவள் இஸ்ரவேல் குலத்தாள் இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயருக்கு ரசீது போடுங்கள். எதற்குச் செலவானது என்ற கணக்கை ஊர் திரும்பியதும் அவர் கடையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். சபையில் சாட்சிக்கூட்டம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.