எட்டாவது ஆளுக்குக் கட்டில் எங்கே?

கேள்வி: அண்ணா ஒன்பது வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து அண்ணியோடும் இரண்டு பிள்ளைகளோடும் மார்கழி லீவுக்கு வந்திருக்கிறார். எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று நிலாவெளியில் ஒரு ரிசோர்ட்டில் மூன்று இரவுக்கு இரண்டு அறை எடுத்தோம். இடம் பார்த்து முற்பணம் கட்டியது நான். போன நேரம் தொடங்கிப் பிரச்சினைதான். கடலில் சிவப்புக் கொடி. புறாத்தீவுக்கு வள்ளம் ஓடவில்லை. ‘கடல் தெரியும் அறை’ என்றார்கள், ஜன்னலைத் திறந்தால் மதில். ஏசியில் பூஞ்சண மணம். கரண்ட் போனால் லைற் எரிந்தது, ஏசி ஓடவில்லை. துவாய் ஈரம். பஃபே என்று சொல்லிவிட்டுத் தட்டில் போட்டுத் தந்தார்கள். பில்லைப் பார்த்ததும் அண்ணா, “உன்னை நம்பினது என்ர பிழை” என்று அண்ணிக்கு முன்னால் சொல்லிவிட்டார். அம்மா பகலில் எங்களோடு இருந்துவிட்டு இரவில் ஓட்டோவில் வீட்டுக்குப் போய்விடுவா, அவவுக்கு அங்கே நித்திரை வராது. செலவு முழுவதையும் ஒன்றும் விடாமல் எழுதி இணைத்திருக்கிறேன். ஹோட்டலிடம் காசைத் திருப்பி வாங்கலாமா? இல்லையென்றால் பாதியை நான் அண்ணாவுக்குக் கொடுக்க வேண்டுமா? அவர் ஜனவரி 8 வரை நிற்பார்.
பெயர் வேண்டாம், உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சி, “அவவுக்கு அங்கே நித்திரை வராது” என்று முதலில் சொன்னது யார்? அறை பதிவு செய்வதற்கு முன்பா, பின்பா?

நீங்கள் இணைத்த பட்டியலின் முதல் வரியிலேயே விடை இருக்கிறது. நாலு பேர் அறை ஒன்று, மூன்று பேர் அறை ஒன்று. அண்ணா வீட்டார் நால்வர், உங்கள் வீட்டார் மூவர். ஏழு. முற்பணம் கட்டிய அன்றே அம்மா கணக்கில் இல்லை. நித்திரை வராத கதை அதற்குப் பிறகு வந்தது. எத்தனை தலை, எத்தனை கட்டில் என்று எண்ணத் தெரியாத தாய் ஊரில் இல்லை. எண்ணிப் பார்த்திருப்பார், பிள்ளைகளுக்குச் சங்கடம் வேண்டாமென்று தானே ஒரு சாட்டைச் சொல்லிக்கொண்டு எழும்பியிருப்பார். நீங்களும் “சரியம்மா, கவனமாப் போங்கோ” என்றிருப்பீர்கள்.

நிலாவெளியிலிருந்து உவர்மலை கிட்டத்தட்ட 15 கிலோமீற்றர். மாரி மழையில் ஓட்டோவின் இரண்டு பக்கப் படங்கையும் இறக்கினாலும் சாரல் முழங்காலில் அடிக்கும். இருட்டில் கேற்றைத் தடவித் திறந்து, ஆளில்லாத வீட்டில் லைற்றைப் போட்டு, ஒற்றை ஆளாய்ப் படுத்துவிட்டு, விடிய மறுபடி வந்திருக்கிறார். ஒன்பது வருடம் காத்திருந்த மனுசி. உங்கள் கடிதத்தில் துவாய் ஈரம் என்று இருக்கிறது. அம்மாவின் சேலை நனைந்ததா என்று இல்லை.

அண்ணாவையும் விடுவதாக இல்லை. விமானம் ஏறி வந்தவர் மூன்று இரவிலும் ஒருமுறையாவது “அம்மா, நீங்கள் கட்டிலில் படுங்கோ, நான் கீழே பாயில் படுக்கிறன்” என்று சொன்னாரா? சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு ஏசி வேண்டும், கொமட் வேண்டும், பிள்ளைகளை நுளம்பு கடிக்கக் கூடாது, எல்லாம் சரி. அதற்காகப் பெற்றவளை விருந்தாளி மாதிரிப் பகலில் கூப்பிட்டு இரவில் அனுப்புவது எந்த ஊர் வழக்கம்?

இனி ஹோட்டலைப் பார்ப்போம். உங்கள் முறைப்பாட்டில் பாதி அவர்கள் மேல் நிற்காது.

கடலுக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஐப்பசிக் கடைசியில் வாடை எழும்பினால் தை வரை இந்தக் கரை இப்படித்தான். அலை உயரம் கண்ணுக்குத் தெரியும், அடியில் காலை இழுக்கும் நீரோட்டம் தெரியாது, அதற்குத்தான் சிவப்புக் கொடி. புறாத்தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான் என்பதால் போகாமல் விட மனம் வராது. ஆனால் ஓட்டமாட்டேன் என்ற வள்ளக்காரர் நல்ல மனுசன். வள்ளத்துக்குக் கட்டிய முற்பணத்தை மட்டும் முழுதாகத் திருப்பி வாங்குங்கள், ஓடாத வள்ளத்துக்குக் கூலி இல்லை. சித்திரை கழிந்து புரட்டாசி வரை இதே கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கனடாவில் பள்ளி லீவு ஜூலையும் ஆகஸ்டும், இரண்டும் பொருந்தி வருகிறது. உவர்மலையில் இருந்துகொண்டு இதை அண்ணாவுக்கு ரிக்கற் போடும் முன்பே சொல்லாதது உங்கள் பிழை.

பூஞ்சண மணம் பராமரிப்புக் குறை. மாரியில் ஆட்கள் குறைவு, அறைகள் நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ஏசியின் உள்பெட்டியில் நீர் வடியும் தட்டிலும் தூசு வடிகட்டியிலும் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். முன்மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போட்டு, ஜன்னலைத் திறந்து அரை மணித்தியாலம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் பெரும்பாலும் குறையும். வடிநீர்க் குழாயும் அடைத்திருந்தால் ஆள் வந்து ஊதித்தான் எடுக்க வேண்டும், அப்போது அறையை மாற்றச் சொல்லிக் கேட்பதே வழி. இதெல்லாம் பையை அவிழ்க்கும் முன் சொல்ல வேண்டியவை. மூன்றாம் நாள் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

கரண்ட் விஷயம் நீங்கள் கேட்ட கேள்வியில் பிழைத்திருக்கிறது. “ஜெனரேற்றர் இருக்கா?” என்றால் எல்லோரும் ஓம் என்பார்கள். சின்ன இடங்களில் அது லைற்றுக்கும் விசிறிக்கும்தான் காணும். ஏசி ஓடத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம், பத்து அறை ஒன்றாக இழுத்தால் ஜெனரேற்றர் நின்றுபோகும். “ஜெனரேற்றரில் அறை ஏசி ஓடுமா?” என்று கேட்டிருக்க வேண்டும். துவாயும் பஃபேயும் மழைக்காலக் கதை. கொடியில் எதுவும் காயாது, பத்துப் பேருக்கு எந்தச் சமையற்காரரும் பஃபே விரிக்கமாட்டார். சூடாகத் தட்டில் வந்த மீனுக்குக் கோபப்படாதீர்கள்.

மதில் பார்த்த அறை வேறு. அது சொன்ன வாக்கை மீறியது, அதைப் பிடியுங்கள். ‘கடல் தெரியும்’ என்று அவர்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்தி, பதிவு உறுதி, பற்றுச்சீட்டு, ஜன்னலுக்கு வெளியே எடுத்த படம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். படம் எடுக்கவில்லையென்றால் பிள்ளைகளின் போனில் தேடுங்கள், கட்டாயம் இருக்கும். முகாமையாளருக்கு ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: என்ன சொன்னீர்கள், என்ன தந்தீர்கள், எவ்வளவு திருப்பிக் கேட்கிறோம். முழுக் காசையும் கேட்டால் ஒன்றும் வராது. கடல் தெரியும் அறைக்கும் சாதாரண அறைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று இரவுக்குக் கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கேளுங்கள். பில் கூடியதற்கும் காரணம் பாருங்கள். 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் ஏறினால் சொன்ன விலையில் கால்வாசிக்கு மேல் கூடிவிடும். வற் எடுத்திருந்தால் பில்லில் பதிவு இலக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதையும் கடிதத்தில் கேளுங்கள். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், பங்குனி வரை இழுக்காதீர்கள்.

அண்ணாவுக்குப் பாதிக் காசு கொடுக்க வேண்டாம். கூடப்பிறந்தவள் தேடித் தந்த இடம் சரிவரவில்லையென்றால் அது நட்டம், கடன் இல்லை. அண்ணிக்கு முன்னால் அவர் சொன்ன சொல்லுக்கு நீங்கள் காசால் வாய் மூடினால், அடுத்த முறையும் சொல்வார்.

ஜனவரி 8 வரை நாள் இருக்கிறது. அண்ணாவின் பெட்டிகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு நுளம்பு வலை வாங்கிக் கட்டுங்கள், ஒரு மேசை விசிறி போதும். மழை விட்ட ஒரு காலையில் வெள்ளெனக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போங்கள், பட்டினத்திலிருந்து 8 கிலோமீற்றர் அளவில். கிணறு ஏழுக்கும் ஏழு சூடு. ஒரு வாளியையும் மாற்றுடுப்பையும் எடுத்துக்கொண்டு போய், அம்மாவின் முதுகில் அண்ணாவே அள்ளி ஊற்றட்டும். இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று சொல்லி, தாய் செத்தபின் கிரியை செய்ய ஊரே அங்கேதான் போகிறது. உயிரோடு கூட்டிப்போனவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. கோணேஸ்வரத்துக்கு உச்சி வெயிலுக்கு முன் போங்கள், கோட்டைக்குள்ளால் கடைகள் இருக்கும் இடம் வரை ஓட்டோ ஏறும், மிச்ச ஏற்றத்துக்கு யாராவது கையைப் பிடியுங்கள்.

அடுத்த ஆடியில் எல்லோருமாக மறுபடி நிலாவெளிக்குப் போவதென்றால், எட்டுப் பேர் என்று முதலில் சொல்லிவிட்டு விலை கேளுங்கள். அம்மாவுக்குக் கீழ்த்தள அறை, படி இல்லாத வாசல், கைபிடிக் கம்பியுள்ள கொமட். ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்றால் பல இடங்களில் நிலத்தில் போடும் மெல்லிய ஃபோம் மெத்தைதான், முழங்கால் நோகும் ஆள் அதிலிருந்து எழும்ப இரண்டு பேர் வேண்டும். கால் வைத்த கட்டிலா என்று கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வருமென்றால் ஒருவருக்கு மரக்கறி என்று பதிவிலேயே எழுதுங்கள்.

கடைசியாக அந்தப் பட்டியல். ஒன்றும் விடவில்லை என்கிறீர்கள். தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது, கொத்துரொட்டி இருக்கிறது, பிள்ளைகளின் ஐஸ்கிறீம் இருக்கிறது. மூன்று இரவு போனதும் இரண்டு காலை வந்ததுமாக அம்மாவுக்குக் குறைந்தது ஐந்து ஓட்டோ. அந்தக் காசு பட்டியலில் எங்கேயும் இல்லை. யார் கொடுத்தது?