வில்லுப்பாட்டுக் கற்க வயது தடையா?

கேள்வி: அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறேன். நாற்பது வயதில் வில்லுப்பாட்டுக் கற்க ஆசை. "பொம்பளைக்கு இது எதுக்கு?" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு, தயங்காமல் தொடங்குங்கள். அகத்தீசுவரத்துப் பூங்கனி அம்மாள், 2018-இல் மறைந்தவர், வில்லடித்துக் கதை பாடியே ஊர் ஊராக அறியப்பட்டவர். ஆகவே பெண்ணுக்கு இது புதிதல்ல என்று வீட்டாரிடம் சொல்லலாம். வேலையையும் விட வேண்டியதில்லை. வங்கிப் பணியில் இருந்துகொண்டே கதைகள் எழுதிய நம் நெல்லை வண்ணதாசனுக்கு 2016-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கற்கும் முறையைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கோயில் கொடை விழாக்களில் பாடும் குழு ஒன்றை அணுகி, முதலில் இடத்தே, அதாவது இடப்பக்கம் அமர்ந்து, வலப்பக்கம் பாடும் புலவர், அதாவது குழுவின் தலைமைப் பாடகர், விட்ட அடியை வாங்கிப் பாடப் பழகுங்கள். குடமும் உடுக்கையும் தாளமும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பது அங்கே அமர்ந்தால்தான் காதில் ஏறும். வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலைப் பிறகு கையில் எடுக்கலாம். உங்கள் பக்கத்துப் பாபநாசம் மலைச்சாரலில் நிகழும் முத்துப்பட்டன் கதையை முதற்கதையாகக் கொள்ளுங்கள். சாதியை மீறிய அந்தக் காதலைப் பெண்குரலில் கேட்க எனக்கு மிகுந்த ஆவல் உண்டு.

வருமானத்தை இப்போது எண்ண வேண்டாம். மனத்தில் நெடுநாள் அடக்கிய கலை, பாடாவிட்டால் ஏக்கமாகவே தங்கிவிடும். வரும் கொடைக்கு முன் ஒரு புலவரைச் சந்தித்துவிடுங்கள்.