கொத்துக்காட்டுக்கு உரிமை கேட்டோம், தள்ளுபடி என்கிறார்கள்

கேள்வி: நாங்கள் இருளர். மலையில் 32 குடும்பங்கள் உள்ள பதி (எங்கள் குடியிருப்பு) எங்களுடையது. தாத்தா காலத்திலிருந்து இரண்டு ஏக்கர் கொத்துக்காட்டில், அதாவது காட்டு நிலத்தைக் கொத்தி, துண்டு துண்டாக மாற்றி மாற்றிப் பயிரிடும் இடத்தில், ராகியும் சாமையும் விதைக்கிறோம். வன உரிமைச் சட்டப்படி கொடுத்த மனுவை, 'செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை, 75 ஆண்டு ஆவணமும் இல்லை' என்று கோட்ட அளவிலான குழு தள்ளுபடி செய்து மூன்று வாரம் ஆகிறது. இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். திருப்பூர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகள் ஊர் திரும்பியிருக்கும் நேரம் இது. என்ன செய்வது?

பதில்: முதலில், காலி செய்யாதீர்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவுப்படி, உரிமையைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியும்வரை உங்களை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது. 'நானாகவே விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

75 ஆண்டு ஆவணம் கேட்டது தவறு. அந்த நிபந்தனை பழங்குடி அல்லாத மற்ற வனவாசிகளுக்குத்தான். நீங்கள் 13.12.2005-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தை அனுபவித்து வருகிறீர்கள் என்று காட்டினால் போதும். உங்கள் சாதிச் சான்றிதழின் நகலை மேல்மனுவோடு சேர்த்துவிடுங்கள்.

செயற்கைக்கோள் படத்துக்கு வருவோம். கொத்துக்காட்டில் ஒரு துண்டு விளையும்போது இன்னொரு துண்டு தரிசாகக் கிடக்கும். நடுவில் பலாவும் நிற்கும். மேலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் காடாகத்தான் தெரியும். அதனால்தான் 2012-இல் திருத்திய விதிகள், இந்தப் படம் மற்ற சாட்சியங்களுக்குத் துணையாக இருக்கலாமே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்கின்றன. விதி 13-ஐப் படித்தால் உங்களுக்கே தெம்பு வரும். பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கிய வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு, கோயில் இடம் எல்லாமே சாட்சியம். தாத்தா நட்ட பலாமரம், பாறையில் தானியம் குத்திக் குத்தி விழுந்த குழி, முன்னோரைப் புதைத்த இடத்துக் கல் என ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். பதியின் மூத்த பாட்டி ஒருவரை நிலத்துக்கே கூட்டிப்போய், அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

இதையெல்லாம் சேர்த்து, தள்ளுபடி முடிவின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மாவட்ட அளவிலான குழுவிடம் மேல்மனு கொடுங்கள். அதன் தலைவர் கலெக்டர். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அதற்கிடையில் யாராவது பயிரை அழித்தால் போலீசில் புகார் கொடுங்கள். பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர் உங்கள் வன உரிமையில் குறுக்கிடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஏக்கர் கிடைத்தாலும், சுற்றியுள்ள காடு வேறொருவர் கையில் இருந்தால் பிள்ளைகள் மறுபடி திருப்பூர் பஸ்தான் ஏறுவார்கள். தேன், கடுக்காய், சீமாறு எடுத்து விற்கவும், காலங்காலமாகப் புழங்கிய காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கவும் முழுப் பதிக்கும் சமூக உரிமை உண்டு. அதற்கான விண்ணப்பம் படிவம் பி, படிவம் சி. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற கோண்டு கிராமம் 2009-இல் இந்த உரிமையைப் பெற்று, 2011 முதல் தன் மூங்கிலைத் தானே விற்றது. எத்தனையோ பதிகள் தனிப்பட்டாவோடு நின்றுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதைத் தொடங்குவது கிராம சபை. பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். தீர்மானத்தை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு உட்கார்ந்து எழுதிய தீர்மானத்தால் வழக்கு கெட்டதுண்டு.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழைத்துக் கேளுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது தள்ளுபடிக் கடிதத்தோடு அது வந்த உறையையும் எடுத்துப் போங்கள். கடிதம் உங்கள் கைக்கு என்று வந்தது என்பதைக் காட்ட அதிலுள்ள தபால் முத்திரை உதவும்.