அப்பா ஏன் கடற்கரைக்குப் போவதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பாவுக்கு 74 வயது. கொரோனாவுக்கு முன்பு தினமும் விடியற்காலையில் மெரினாவில் நடந்து, நண்பர்களோடு காபி குடித்துவிட்டு வருவார். ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஆகியும் வெளியே கிளம்புவதில்லை. நள்ளிரவு தாண்டியும் தொலைக்காட்சி பார்க்கிறார், காலை ஒன்பது மணிக்கு எழுகிறார். கேட்டால், "எனக்கு என்ன குறை?" என்கிறார். இது சோம்பலா, நோயா?

ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பாவைச் சோம்பேறி என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு மற்றவர்களுக்குத் தளர்ந்த பிறகும், 65 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றே மத்திய அரசு அறிவுறுத்தி வந்தது. மெரினா மீண்டும் திறக்கப்பட்டபோது டிசம்பர் 14 ஆகிவிட்டது. அடுத்த மே மாதமே இரண்டாம் அலையால் மறுபடியும் முழு ஊரடங்கு. வெளியே போனால் உயிருக்கு ஆபத்து என்று அத்தனை மாதங்கள் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த நாம், ஆபத்து குறைந்த பிறகு அதே அக்கறையோடு அவர்களைக் கைபிடித்து வெளியே அழைத்துப் போகவில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

அவருடைய காலை நடையை நிலைநிறுத்தியது அவரது மன உறுதி மட்டுமன்று; அங்கே காத்திருந்த நண்பர்களும்தான். அவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று அவரிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள். இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி இருந்த அந்தக் காலத்தில், பழகிய ஒருவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியாமல், தொலைபேசியில் செய்தி கேட்டு, தனியே உட்கார்ந்திருந்த முதியவர்கள் ஏராளம். அந்தத் துக்கத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்வது அரிது. தூக்கம் மாறும், பசி குறையும், உடம்பு வலிக்கும், எதிலும் நாட்டம் இராது. முதுமையில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும்.

உடலின் பங்கும் இதில் உண்டு. நம் உறக்கத்தை ஒழுங்குபடுத்தும் உடற்கடிகாரம் காலை ஒளியை நம்பியிருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வீட்டு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸைத் தாண்டாது, காலை வெயிலோ 10,000 லக்ஸுக்கும் மேல். நடமாட்டம் குறைந்தால் முதியவர்களின் கால் தசைகள் சில வாரங்களிலேயே வலுவிழக்கின்றன. விழுந்துவிடுவோமோ என்ற பயம் அதன்பின் வருகிறது. அதை அவர் உங்களிடம் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆகவே எடுத்த எடுப்பில் கடற்கரை வேண்டாம். எழும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது முன்னே கொண்டுவந்து, தெருமுனை வரை நீங்களோ பேரப்பிள்ளையோ உடன் நடந்து செல்லுங்கள். எஞ்சியுள்ள நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். அறிவுரையைவிட அது அதிகம் உதவும். இதற்கிடையே ஒரு மருத்துவரிடம் காட்டி, தைராய்டு, செவித்திறன், நினைவாற்றல் ஆகியவற்றைப் பரிசோதித்துவிடுங்கள், ஏனெனில் இவற்றில் ஏற்படும் குறைகளும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும். அவர் வர மறுத்தால், அரசின் டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் நீங்களே அழைக்கலாம். குடும்பத்தினருக்கும் வழிகாட்டுவார்கள், தமிழிலேயே பேசலாம்.