பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டில் ஃபேன் சத்தத்தைக் குறைப்பது எப்படி? கேள்வி பதில்

பழைய கேபினெட்டுக்குள் புது மதர்போர்டும் பிராசசரும் மாட்டிவிட்டு, ஃபேன் இரைச்சலோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் கேபினெட்டின் பின்பக்கத்தில் 80 மி.மீ. ஃபேன் மட்டும்தான் மாட்ட முடியும். சத்தம் வராத 80 மி.மீ. ஃபேன் எதை வாங்கலாம்?

பதில்: வாங்குவது இருக்கட்டும், முதலில் அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். பழைய கேபினெட்டுகளில் தனியாக கிரில் இருக்காது. தகரத்திலேயே ஓட்டை ஓட்டையாக அடித்திருப்பார்கள். உற்றுப் பார்த்தால் அதில் பாதி இடம் தகரமாகவே இருக்கும். அந்த விளிம்புகளில் காற்று மோதிச் சிதறும்போதுதான் 'உஸ்' என்ற இரைச்சல் கிளம்புகிறது. எவ்வளவு நல்ல ஃபேனாக இருந்தாலும் அங்கே மாட்டினால் இரையத்தான் செய்யும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஃபேனைக் கழற்றி, ஓடும்போதே சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு (விரல் இறக்கையில் படாமல்) அந்தத் தகரத்தின் அருகே மெல்லக் கொண்டு போங்கள். இரண்டு விரல் இடைவெளி வரை ஒன்றும் தெரியாது. அதன்பிறகு நெருங்க நெருங்கச் சத்தம் ஏறும்.

தீர்வு, அந்த ஓட்டைத் தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு வட்டக் கம்பி கிரில் போடுவது. வெட்டும் முன் மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். இரும்புத்தூள் போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

இடம் இருந்தால் அப்படியே 120 மி.மீ. ஃபேனுக்குத் துளையைப் பெரிதாக்கிவிடுங்கள். திருகுத் துளைகளின் இடைவெளி 80 மி.மீ. ஃபேனுக்கு 71.5 மி.மீ., 120 மி.மீ. ஃபேனுக்கு 105 மி.மீ. பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடுவதால், அதே காற்றை மிகக் குறைந்த வேகத்திலேயே தள்ளிவிடலாம்.

கேள்வி: வேகத்தைக் குறைத்தால் குளிர்ச்சியும் போய்விடாதா?

பதில்: குறையும், ஆனால் சத்தம் குறையும் அளவுக்குக் குறையாது. வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். அதனால்தான் ஒரே ஃபேனை முழு வேகத்தில் விரட்டுவதைவிட, இரண்டு ஃபேன்களை மெதுவாக ஓடவிடச் சொல்கிறேன். ஒரே அளவு சத்தமுள்ள இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல்தான்.

கேள்வி: புதிதாக வாங்கிய, இணைப்பில் மூன்று முள் மட்டும் உள்ள ஃபேன் எப்போதும் முழு வேகத்திலேயே ஓடுகிறது. பழுதா?

பதில்: ஃபேன் மேல் தப்பில்லை. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அந்த இணைப்பு பிடபிள்யூஎம் முறையில், அதாவது தனி சிக்னலால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையில் இருக்கும். அந்த முறையில் முழு 12 வோல்ட்டும் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சிக்னல் நான்காவது முள்ளில்தான் வரும். உங்கள் ஃபேனுக்கு அந்த முள்ளே கிடையாது. வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். வோல்ட்டை ரொம்பவும் இறக்கினால் சில ஃபேன்கள் கிளம்பாமலே நின்றுவிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு ஒவ்வொரு முறையும் அது சுற்றத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பிரவுசரைத் திறந்தாலே பிராசசர் ஃபேன் 'வ்ர்ர்' என்று ஏறி இறங்குகிறது. எரிச்சலாக இருக்கிறது.

பதில்: எரிச்சல் வரத்தான் செய்யும். ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்குவதை மறக்காது. பிராசசரின் வெப்பநிலை ஒரே நொடியில் 10, 15 டிகிரி தாவும். ஆனால் அதன் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகக் கட்டையான ஹீட்சிங்க் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அதனால் ஃபேன் அவசரப்படத் தேவையே இல்லை. பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். 60 டிகிரி வரை ஒரே வேகம், அதற்கு மேல் படிப்படியாக ஏறட்டும்.

கேள்வி: முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் மூடி, அடியில் ஒரு சின்னப் பிளவு மட்டும். ஃபேன் மாட்டியும் சூடு குறையவில்லை.

பதில்: காற்று நுழையவே வழியில்லை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். வெப்பநிலை நன்றாக இறங்கினால் குற்றவாளி மூடிதான். அப்புறம் டிவிடி டிரைவ் வைக்கும் இடத்தைப் பாருங்கள். இப்போது அதில் ஒன்றும் இல்லையென்றால், மூன்று தட்டுகளின் முன்மூடிகளையும் எடுத்துவிட்டு அங்கே ஒரு 120 மி.மீ. ஃபேனை நிறுத்தி, முன்னால் தூசி வலை போடலாம். பழைய கேபினெட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காற்று நேராக பிராசசர் பக்கம் போகும். வெட்டும் வேலையும் இல்லை.

கேள்வி: பிராசசர் மேல் கோபுரம் போல் நிற்கும் உயரமான டவர் கூலர் (ஹீட்சிங்க்கும் ஃபேனும் சேர்ந்தது) உள்ளே அடங்குமா?

பதில்: பிராசசரின் மேல்தகட்டிலிருந்து பக்கக் கதவு வரை அளந்து பாருங்கள். 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலர்கள் பல 155 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். பழைய ஒல்லியான கேபினெட்டில் கதவு மூடாது. 92 மி.மீ. ஃபேன் வைத்தவற்றைத் தேடுங்கள்.

கேள்வி: பவர் சப்ளை ஃபேன்தான் கத்துகிறது. திறந்து மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். பழைய கேபினெட்டில் பவர் சப்ளை பெரும்பாலும் மேலே இருப்பதால், உள்ளே கிளம்பும் சூட்டில் பெரும்பகுதி அதன் வழியாகவே வெளியேறும். பின்பக்க ஃபேனைச் சரிசெய்து சூட்டை அந்த வழியாகத் திருப்பிவிடுங்கள். பல நேரம் பவர் சப்ளை தானாகவே அடங்கிவிடும். அதன்பிறகும் கடகடவென்று கேட்டால் பேரிங் போய்விட்டது. பவர் சப்ளையை முழுசாக மாற்றிவிடுங்கள்.